ஏரிக்கரைச் சர்வகலாசாலை

பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகும் கூட்டத்தில் தாய்மாமனுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. எல்லாரும் "நல்ல இடம்" என்று சொன்னால் அவனும் தலையை ஆட்ட வேண்டும். பின்னால் ஏதாவது கோளாறு நேர்ந்தால், "மாமன் பார்த்துத்தானே சொன்னார்!" என்று பழியை அவன்மேல் போட்டுவிடலாம். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் நான் அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு காரியமாகப் போக நேர்ந்தது. ஆனால் பார்க்கப் போனது வரனை அல்ல, ஒரு சர்வகலாசாலையை.

என் தமக்கையின் குடும்பம் சிகாகோ நகரத்துக்கு மேற்கே நேப்பர்வில் என்னும் ஊரில் இருபது வருஷமாக வசிக்கிறது. அந்த ஊர் இல்லினாய்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. தமக்கையின் பெண், அதாவது என் மருமகள், அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். உயிர் ரசாயனம் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. இரண்டு சர்வகலாசாலைகள் அவளுக்கு இடம் தருவதாக எழுதியிருந்தன. ஒன்று சொந்த மாகாணத்துச் சர்வகலாசாலை. அது அர்பானாவில் இருக்கிறது. மற்றது வடக்கே பக்கத்து மாகாணமாகிய விஸ்கான்ஸினின் தலைநகர் மாடிஸனில் இருப்பது. இரண்டும் சர்க்கார் சர்வகலாசாலைகளே. இரண்டும் ஒரு சிறு பட்டணம் அளவு பெரியவை. எதை ஏற்றுக்கொள்வதென்று மே மாதம் முதல் தேதிக்குள் தீர்மானித்து முன்பணம் கட்டியாக வேண்டும். பள்ளிக்கூடம் மூடி, விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்துவிட்டு நான் போய் இறங்கியபோது ஐந்து நாள் பாக்கி இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நேயர்களுக்கு விளக்கிவிட வேண்டும். நம் தேசத்தில் வெளி மாகாணத்துப் பிள்ளைக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். அங்கே இடம் கிடைத்துவிடும்; பணம் கட்டுவதுதான் கஷ்டம். அமெரிக்காவின் ஐம்பது மாகாணங்களும் தத்தம் ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு சர்வகலாசாலைகள் நடத்துகின்றன. ஆகவே உள்ளூர்க் குழந்தைகளுக்கு ஒரு சம்பளம், வெளி மாகாணத்துக் குழந்தைகளுக்கு வேறு சம்பளம். 2024-25-ஆம் வருஷத்தில் மாடிஸனில் விஸ்கான்ஸின் மாணாக்கருக்கு விதித்த சம்பளம் சுமார் 11,600 டாலர். வெளியாருக்கு விதித்தது சுமார் 42,100 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35 லட்ச ரூபாய்க்கு மேல். இது பாடம் கேட்பதற்கு மட்டும். சாப்பாடு, ஜாகை, புஸ்தகம் எல்லாம் தனி.

மேற்கே இருக்கும் மின்னஸோட்டா மாகாணத்தார் பாக்கியசாலிகள். இரு மாகாணங்களும் 1960-களிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டு பரஸ்பரம் சலுகை கொடுத்து வருகின்றன. தெற்கே இருக்கும் இல்லினாய்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. "அங்கே போய் ஒரு வருஷம் வீடு எடுத்துத் தங்கிவிட்டால் உள்ளூர்க்காரர் ஆகிவிட மாட்டோமா?" என்று என் மூளையைச் செலுத்திக் கேட்டேன். படிப்பதற்கென்று வந்து குடியிருப்பது குடியிருப்பு ஆகாது என்று சட்டம் எழுதினவர்கள் நமக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

அர்பானாவில் அவள் உள்ளூர்ப் பெண். அங்கே கட்ட வேண்டியது மாடிஸன் தொகையில் பாதிக்கும் குறைவு. நான்கு வருஷத்தையும் கூட்டிப் பார்த்தால், இரண்டுக்கும் வித்தியாசம் 80,000 டாலருக்குக் குறையாது. நம் பணத்தில் 68 லட்சம்.

இனி, நான் மனத்தில் சுமந்துகொண்டு போன ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் அத்தான் டெலிபோனில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, அம்பாசமுத்திரத்து வீட்டுக்கு ஒரு விலை விசாரித்துக்கொண்டு வாரும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், இங்கே குழந்தைகளுக்கும் தெரிய வேண்டாம்" என்றார். அது அவருடைய பாட்டனார் கட்டிய வீடு. அதில் எண்பத்தொரு வயதான அவருடைய தாயார் இருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால்தான் அந்த அம்மாளுக்குத் தூக்கம் வரும். கூடத்து ஓடு நாலு இடத்தில் ஒழுகுகிறது. மழைக்காலத்தில் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார்கள். தரகரை அழைத்துக் காட்டினேன். "எழுபது லட்சம் போகும்" என்றார். அந்தத் தொகையை அத்தானிடம் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கணக்குச் சரியாக இருந்ததைக் கண்டுகொண்ட முகமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் மோட்டாரில் புறப்பட்டோம். நூற்று நாற்பது மைல் இருக்கும். இரண்டரை மணி நேரம். பெலாயிட் என்ற ஊருக்கு அருகில் மாகாண எல்லை. அந்த இடத்தில் ஆறு இல்லை, மலை இல்லை. ஒரு வரவேற்புப் பலகைதான் இருக்கிறது. பலகைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே சோளக் கொல்லை, ஒரே கறுப்பு மண். இப்பால் பிறந்தவனுக்கு 42,000, அப்பால் பிறந்தவனுக்கு 11,000 என்பதை அந்த மண்ணைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லையைக் கடந்ததும் மாடுகள் தென்படத் தொடங்கின. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான பெரிய மாடுகள். சிவப்பு வர்ணம் அடித்த பெரிய தொழுவங்கள். விஸ்கான்ஸின் பால் மாகாணம். அந்தப் பாலுக்கும் சர்வகலாசாலைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாடிஸன் அழகான ஊர் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. மெண்டோட்டா, மனோனா என்ற இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே ஒடுக்கமான ஒரு பூமி, அதன்மேல் நகரம். நடுநாயகமாக 1917-இல் கட்டி முடித்த வெள்ளைக் கருங்கல் சட்டசபை மாளிகை. அதன் வாசலிலிருந்து ஒரு வீதி நேராக மேற்கே ஓடிச் சர்வகலாசாலைக் குன்றின் அடிவாரத்தில் முடிகிறது. மேலே நிற்கும் கலாசாலைக் கட்டடமும் சட்டசபை மாளிகையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பணம் கொடுப்பவனும் பணம் கேட்பவனும் அப்படி எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எத்தனை பொருத்தம்!

குன்றின்மேல் ஆப்ரஹாம் லிங்கன் நாற்காலியில் வீற்றிருக்கிறார். 1909 முதல் அங்கே இருக்கும் அந்த வெண்கலச் சிலைக்கும் இடத்துக்கும் ஒரு நியாயமான உறவு உண்டு. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1862-ஆம் வருஷத்தில் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாரில் என்ற பிரதிநிதி கொண்டுவந்த சட்டம் அது. பார்லிமெண்டில் உள்ள ஒவ்வொரு அங்கத்தினருக்கும் 30,000 ஏக்கர் வீதம் மாகாணங்களுக்குப் பொதுநிலம் வழங்கப்படும். அதை விற்ற பணத்தைக் கொண்டு விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கலாசாலைகளை அவை நடத்த வேண்டும். யுத்தச் செலவுக்குப் பணமில்லாமல் தவித்த ஒரு சர்க்கார் குடியானவன் பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியமாகவே இருக்கிறது. 1848-இல் ஏற்பட்ட மாடிஸன் சர்வகலாசாலை அந்தச் சட்டத்தினால் வளர்ந்தது. 1867-இல் ஏற்பட்ட அர்பானாவும் அதே சட்டத்தின் பிள்ளைதான். ஆனால் 'பொதுநிலம்' என்று சொன்னேனே, அது யாருடையது? மாடிஸன் குன்று ஹோசங்க் என்னும் ஆதி ஜனங்களுடையது. 1832-இல் அவர்களிடமிருந்து உடன்படிக்கை என்ற பெயரால் பிடுங்கிக்கொண்டார்கள். 2019-இல் அதை ஒப்புக்கொண்டு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்வதற்கு 187 வருஷம் ஆயிற்று.

லிங்கனுக்குப் பின்னால் உள்ள கட்டடத்தின் சுவரில் வேறொரு வெண்கலத் தகடு. 1894-இல் ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர்மீது, தொழிலாளருக்குப் பரிந்து பேசுகிறார், விபரீதமான கொள்கைகளைப் போதிக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். நிர்வாகிகள் விசாரித்து அவரை விடுதலை செய்ததோடு நிற்கவில்லை. உண்மையை அறிய வேண்டுமானால் அச்சமின்றிச் சலித்துப் புடைத்துப் பார்க்க இடம் இருக்க வேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்தார்கள். முறத்தையும் சல்லடையையும் சர்வகலாசாலைச் சுவரில் எழுதிய ஜனங்கள் களத்துமேட்டை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது பாலுக்கு வருகிறேன். பால்காரன் தண்ணீர் கலப்பது நம் ஊரில் மட்டுமே உள்ள கலை என்று எண்ணிவிடாதீர்கள். விஸ்கான்ஸின் குடியானவர்களும் அதில் தேர்ந்தவர்கள்தான். வெண்ணெய்ச் சாலைக்காரன் எடையைப் பார்த்துப் பணம் கொடுத்து வந்தான். ஆகவே நல்ல பால் கொண்டுவருகிறவனுக்கு நஷ்டம், நீர்ப் பால் கொண்டுவருகிறவனுக்கு லாபம். 1890-இல் பாப்காக் என்ற பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குப்பியில் பாலை ஊற்றிக் கந்தகத் திராவகம் சேர்த்துச் சுழற்றி, வெண்ணெய்ச் சத்து எவ்வளவு என்று குப்பியின் கழுத்திலேயே படித்துக்கொள்ளும் முறையைக் கண்டுபிடித்தார். எந்த வெண்ணெய்ச் சாலையிலும் செய்து பார்க்கக் கூடிய காரியம். அதற்கு அவர் தனியுரிமைப் பதிவும் செய்துகொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்னொரு கதை என்னைச் சேர்ந்தது. 1933-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், கடும் பனிப்புயலில் ஒரு விவசாயி 190 மைல் வண்டியோட்டிக்கொண்டு மாடிஸனுக்கு வந்தான். அவனுடைய பசுக்கள் இரத்தம் கசிந்து கசிந்து செத்துக்கொண்டிருந்தன. செத்த கிடாரி ஒன்றும், உறையவே உறையாத இரத்தம் ஒரு பால் தவலை நிறையவும், பூசணம் பிடித்த தீவனப் புல்லும் கொண்டு வந்திருந்தான். மற்ற அலுவலகங்கள் மூடியிருந்தன. லிங்க் என்ற ரசாயனப் பேராசிரியரின் சாலையில் மட்டும் ஆள் இருந்தது. அந்தப் புல்லில் இருந்த வஸ்து எதுவென்று கண்டுபிடிக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் 'வார்பரின்' என்ற மருந்து. 1948-இல் எலி மருந்தாக வந்து, சில வருஷங்களில் இருதய நோயாளிகளுக்கு உயிர் மருந்தாக மாறியது. சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிதி ஸ்தாபனத்தின் பெயரெழுத்துக்களைச் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் தாயாருக்கு இருதய வால்வு மாற்றிய பிறகு ஏழு வருஷம், தினம் ராத்திரி எட்டு மணிக்கு நான் எடுத்துக் கொடுத்த மாத்திரை அது. அந்த ரசாயன இலாகாவின் வாசலில் அக்காளும் நானும் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றோம்.

"இப்போது தெரிகிறதா மாமா, நான் ஏன் இங்கே வர வேண்டுமென்கிறேன்?" என்று மருமகள் கேட்டாள்.

தெரியாமல் என்ன? இன்னும் ஒன்று அவள் சொன்னாள். ஹர கோவிந்த கொரானா 1960 முதல் 1970 வரை மாடிஸனில் இருந்துதான் மரபணுக்களின் பாஷையை வாசிக்கும் வேலையைச் செய்தார். 1968-இல் நோபெல் பரிசு பெற்றார். மேற்குப் பஞ்சாபில் நூறு பேர் வசித்த ஒரு குக்கிராமத்தில், மரத்தடிப் பள்ளியில் எழுத்துக் கற்ற பிள்ளை. அவர் நடந்த நடைபாதையில் தானும் நடக்க வேண்டும் என்று பதினேழு வயதுப் பெண் நினைப்பதில் என்ன தவறு?

நான் உபாத்தியாயன். குழந்தைகளின் உற்சாகத்தின்மேல் தண்ணீர் ஊற்றுவது எங்கள் தொழிலில் மிகச் சுலபமான காரியம் என்பதையும், அதற்குப் பிராயச்சித்தம் கிடையாது என்பதையும் அறிந்தவன். ஆகையால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனம் சலித்துப் புடைத்துக்கொண்டேதான் இருந்தது. கொரானா போய் ஐம்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அவர் மாடிஸனுக்கு வந்ததும் முதல் வருஷ மாணாக்கராக அல்ல. இந்தக் குழந்தை இங்கே முதல் வருஷத்தில் எதைப் பெறுவாள்? அதைப் பார்க்காமல் சுவரில் உள்ள தகடுகளைப் படித்துக்கொண்டிருப்பது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவருடைய பாட்டனார் படத்தைப் பார்ப்பது போல அல்லவா?

பதினொரு மணிக்கு ஒரு முதல் வருஷ ரசாயன வகுப்பில் பின் வரிசையில் உட்கார அனுமதி பெற்றிருந்தோம். வகுப்பு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சினிமாக் கொட்டகை என்று சொன்னால் பொருந்தும். வரிசைக்கு வரிசை உயர்ந்துகொண்டே போகிற ஆசனங்கள். முந்நூறு பேருக்குக் குறையாது. என் பள்ளியில் ஒரு வகுப்பில் 58 பிள்ளைகளைப் போட்டதற்கே மனு எழுதினவன் நான்! பேராசிரியர் கழுத்தில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, திரையில் படம் காட்டி, நன்றாகவே நடத்தினார். குறை சொல்ல முடியாது. ஐம்பது நிமிஷத்தில் நான்கு பேர் கேள்வி கேட்டார்கள். நான்கு பேரும் முன் இரண்டு வரிசைக்காரர்கள். எங்கள் வரிசையில் ஒரு பையன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பந்தாட்டம் பார்த்தான். அவனுடைய தகப்பனார் உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ அறியேன். வெளியூர்க்காரராயிருந்தால் அந்த ஆட்டத்துக்கு அவர் கொடுத்த டிக்கெட்டு விலை கொஞ்சம் அதிகம்.

வெளியே வந்து எங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது, "ஸார் திருநெல்வேலியா?" என்று ஒரு குரல் கேட்டது. மதுரைப் பக்கத்து இளைஞர்; ரசாயன ஆராய்ச்சி மாணவர். அந்த முந்நூறு பேரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இருபது இருபது பேராக உட்கார வைத்துச் சந்தேகம் தீர்ப்பது அவரைப் போன்றவர்களின் வேலை. அதற்காகச் சர்வகலாசாலை அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, படிப்புச் சம்பளத்தையும் தள்ளிவிடுகிறது.

"முதல் வருஷத்தில் பேராசிரியரைக் கிட்டப் பார்க்கவே முடியாதா?" என்று அக்காள் கேட்டாள்.

"ஏன் முடியாது, அக்கா? வாரத்தில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முந்நூறு பேரில் ஐந்தாறு பேர்தான் போவார்கள். போகிறவர்களுக்கு ஆய்வுசாலையில் வேலை கிடைக்கும், சிபாரிசுக் கடிதம் கிடைக்கும், எல்லாம் கிடைக்கும். போகாதவர்களுக்கு மார்க்கு மட்டும் கிடைக்கும்."

"அர்பானாவில்?"

அவர் சிரித்தார். "அங்கேயும் இப்படித்தான். பெரிய சர்வகலாசாலை எல்லாமே இப்படித்தான். கதவைத் தட்ட வேண்டும்."

இதைக் கேட்டு அக்காள் தன் பெண்ணைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நினைவுதான். கடையில் மாற்றுச் சில்லறை குறைந்தால் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வருகிற பெண் அவள்.

மத்தியானம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாணவர் சங்க மாளிகைக்குப் பின்னால், சூரியகிரணம் போல முதுகு வைத்த இரும்பு நாற்காலிகளை ஏரி வரையில் போட்டிருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வர்ணங்கள். மரங்களில் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. குளிர்காலத்தில் அந்த ஏரி முழுவதும் உறைந்து, மனிதர்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள் என்றார்கள். உறைந்த தேதியையும் உருகிய தேதியையும் 1850-கள் முதல் வருஷந்தோறும் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பதினாயிரம் மாணாக்கர் கொண்ட ஊர். ஆனால் அந்தக் கரையில் உட்கார்ந்தால் கூட்டம் தெரியவில்லை. பட்டம் பெறாமலே இங்கிருந்து போனவர்களும் உண்டு. விமானி லிண்ட்பர்க் 1922-இல் மார்க்கு போதாமல் போனார். வனங்களைக் காத்த ஜான் மியூர் 1863-இல் போனார். படிக்கும் காலத்தில், குறித்த நேரத்துக்கு ஒரு புஸ்தகத்தைத் தானே எடுத்து முன்னால் நீட்டுகிற மேஜை ஒன்றைக் கடிகாரச் சக்கரங்களை வைத்துச் செய்தாராம். என் மாணாக்கர்களுக்கு அப்படி 58 மேஜை வேண்டும்.

அத்தானுக்கு ஊர் மிகவும் பிடித்துவிட்டது. "அர்பானா நம் வீட்டுக் கொல்லை மாதிரி. இது பேர் பெற்ற இடம். என்ன சொல்கிறீர், மாப்பிள்ளை?" என்றார்.

தாய்மாமன் தலையை ஆட்ட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. நான் ஆட்டாமல் பார்டீன் கதையைச் சொன்னேன். ஜான் பார்டீன் 1908-இல் இதே மாடிஸனில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் இந்தச் சர்வகலாசாலை வைத்தியக் கலாசாலையின் தலைவர். பிள்ளையும் இங்கேதான் இரண்டு பட்டம் பெற்றார். 1951-இல் அவர் குடிபோனது, அத்தான் கொல்லை என்று சொன்ன அர்பானாவுக்கு. அங்கே இருக்கும்போதுதான் 1956-இலும் 1972-இலும் இரண்டு முறை பௌதிகத்தில் நோபெல் பரிசு பெற்றார். அந்தச் சாஸ்திரத்தில் இரு தடவை அந்தப் பரிசைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

"அர்பானாவில் இன்னொன்றும் உண்டு" என்றேன். "1876 முதல் பயிரிட்டு வரும் ஒரு சோளப் பாத்தி. 1969-இல் பக்கத்தில் ஒரு புஸ்தகசாலை கட்டியபோது, பயிர்மேல் நிழல் விழக் கூடாதென்று கட்டடத்தையே பூமிக்குள் கட்டினார்கள்."

"சோளத்துக்குக் கொடுக்கிற மரியாதை!" என்று அத்தான் சிரித்தார். ஆனால் அவர் மனம் அசையவில்லை என்று கண்டேன். பத்து வருஷமாக விஸ்கான்ஸின் பிள்ளைகளின் சம்பளத்தை உயர்த்தாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2013 முதல் 2023 வரை. அந்தக் காலத்தில் வெளி மாகாணத்தார் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. 2018 முதல் வசதி குறைந்த உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமே இல்லாமலும் செய்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் செய்கிறார்கள். சர்வகலாசாலையின் எல்லை மாகாணத்தின் எல்லையே என்று 1900-களின் ஆரம்பத்தில் வான் ஹைஸ் என்ற தலைவர் வகுத்த கொள்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. அப்படியானால் எல்லைக்கு வெளியே உள்ள நாம் யார்? கலியாணச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் விருந்தாளிகள். இதை நான் மெதுவாகச் சொன்னேன். அத்தான் ஏரியைப் பார்த்தார். அம்பாசமுத்திரம் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

திடீரென்று அக்காள், "குழந்தை எங்கே?" என்றாள்.

முக்கால் மணி நேரம் காணோம். டெலிபோனும் எடுக்கவில்லை. சர்வகலாசாலைப் பால்பண்ணையிலே செய்யும் ஐஸ்கிரீம் பிரசித்தமானது. அதை வாங்கப் போயிருப்பாள் என்று அங்கே போய்ப் பார்த்தோம். இல்லை. கடைசியில் உயிர் ரசாயனக் கட்டடத்துப் படிகளில் இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"மாமா, கதவைத் தட்டினேன்" என்றாள்.

வாசலில் திங்கட்கிழமை ஒன்று முதல் மூன்று வரை என்று ஒட்டியிருந்த ஓர் அறைக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றாளாம். உள்ளே இருந்த பேராசிரியை, வயதான அம்மாள், தானே எழுந்து வந்து, "யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாள். ஆகக் கூடி, தட்டினாள் என்பது முழுக்க உண்மையல்ல. ஆனாலும் நான் முழு மார்க்குக் கொடுத்தேன்.

அந்த அம்மாள் அவளை உட்கார வைத்து என்னவெல்லாமோ விசாரித்தாளாம். எந்த ஊர், வேறு எங்கே இடம் கிடைத்தது, எவ்வளவு செலவு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம். பிறகு, எங்கே குறைந்த பணத்தில் படிக்கலாமோ அங்கே முதல் பட்டத்தைப் பெற்றுக்கொள், முதல் வருஷத்திலேயே ஓர் ஆய்வுசாலையில் குப்பி கழுவும் வேலையாவது கேட்டுச் சேர்ந்துகொள், அதன் பிறகு ஆராய்ச்சிக்கு இங்கே வா என்றாளாம். அப்போது நீ எங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம், நாங்கள் உனக்குக் கொடுப்போம் என்றும் சொன்னாளாம். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். இந்த வருஷம் வாஷிங்டனிலிருந்து வரும் ஆராய்ச்சிப் பணம் மிகவும் குறுகிப் போய்விட்டது. நாலு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று.

"அப்படியானால் அந்த வார்த்தையை நம்பி எப்படித் தீர்மானிக்கிறது?" என்றார் அத்தான்.

"அதை நம்பியில்லை, அப்பா. அந்த அறையில் நான் பேசினது, அர்பானாவிலும் பேசலாம் இல்லையா?" என்றாள் பெண். சற்றுப் பொறுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனால் இந்த ஏரி அங்கே இல்லை" என்றாள்.

அது நியாயமான துக்கம். அதற்கு நான் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் எல்லாருமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நல்ல பால், தண்ணீர் இல்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. அக்காளும் பெண்ணும் பின் ஆசனத்தில் தூங்கிப் போனார்கள். பெலாயிட்டைத் தாண்டி இல்லினாய்ஸ் எல்லைக்குள் வந்து வெகு நேரம் வரையில் அத்தான் வாய் திறக்கவில்லை. ராக்போர்டு விளக்குகள் தெரிந்தபோது, சாலையை விட்டுக் கண்ணெடுக்காமலே, தணிந்த குரலில் கேட்டார்:

"மாப்பிள்ளை, கூடத்து ஓட்டை எல்லாம் பிரித்து மாற்றுவதென்றால், எவ்வளவு ஆகும் என்கிறீர்?"